போலி டாக்டர்!

'போலி டாக்டர் கைது' என்று பேப்பரில் செய்தி வந்தால், "எப்படித்தான் இத்தனை நாள் ஏமாந்தாங்களோ!" என்று சிரித்துவிட்டு ஆபீஸ் கிளம்புகிற ஆசாமி நான். அப்படி ஒரு போலி எங்கள் வீட்டு ஹாலிலேயே பதினோரு நாள் பிராக்டீஸ் பண்ணினார். காசு கொடுத்து அவரைக் கூட்டி வந்ததே நான்தான்!

நான் கனகசெட்டிக்குளத்தில் வீட்டோடு மாப்பிள்ளை. (சிரிக்காதீர்கள். பாண்டிச்சேரி டவுனில் வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.) மாமனார் நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். எனக்கோ மீன் தொட்டிப் பைத்தியம். கப்பி, கோல்டு ஃபிஷ் என்று அடக்க ஒடுக்கமாக இருந்தவன், போன வருஷம் கடல் மீனுக்குத் தாவினேன். வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கிற ஊரில், பாக்கெட் உப்பு வாங்கி, அளந்து கரைத்து, கடல் தண்ணீர் 'தயாரிக்கிறவன்' நான் ஒருத்தன்தான். அன்றிலிருந்து மாமா அந்தத் தொட்டிப் பக்கம் திரும்புவதில்லை. மீனை விற்றுச் சோறு தின்றவருக்கு, மீனுக்குச் சோறு போடுகிற மாப்பிள்ளை!

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டாம்செல். கோமாளி மீன் என்றால் குழந்தைகளுக்குப் புரியாது. 2003-ல் வந்த படத்துக்குப் பிறகு அதற்கு நீமோ என்றுதான் பெயர். பெரிய நீமோவுக்கு டாட்டா காட்டாமல் என் மகள் ஸ்கூலுக்குப் போக மாட்டாள். அதன் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்ததும், பதறிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்கு ஓடினேன்.

"மருந்தெல்லாம் எதுக்கு சார்? டாக்டரையே கூட்டிட்டுப் போங்க!" என்று ஒரு மீனைக் காட்டினார் கடைக்காரர்.

விரல் நீளம். வெளிர் நீல உடம்பு. மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, வால் பக்கம் போகப் போக அகலம். உடம்பை மேலும் கீழும் குலுக்கி ஒரு டான்ஸ் வேறு. பாலிதீன் பையில் வாங்கி, ஈ.சி.ஆர். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

டாக்டர் மீன் கட்டுக்கதை இல்லை. பவளப்பாறையில் அதற்கென்று ஒரு கிளினிக்கே உண்டு. பெரிய பெரிய மீன்கள் வந்து, வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். இவர் உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பார். ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகள் என்று ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்ட்ரா க்ரட்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1996-ல் கணக்குப் போட்டிருக்கிறார். அசலும் யோக்கியமில்லை. ஒட்டுண்ணியைவிட நோயாளியின் மேல் உள்ள வழுவழுப்பு ருசி என்று அவ்வப்போது ஒரு கடி கடித்துவிடும். ஆனால் அடுத்த நோயாளி பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்காக வேலை செய்யுமாம்! (இதே பழக்கமுள்ள சிலர் என் செக்‌ஷனிலும் உண்டு.)

மூன்றாம் நாள் பெரிய நீமோவின் வால் ஓரம் பிய்ந்திருந்தது. ஏதோ ஆபரேஷன் போல என்று நினைத்தேன். எட்டாம் நாள் பாதி வால் இல்லை. பதினோராம் நாள் காலை அது தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. மகள் டிபன் சாப்பிடாமல் அழுதுகொண்டே ஸ்கூலுக்குப் போனாள்.

பேத்தி அழுதால் மாமாவுக்குத் தாங்காது. அன்று கடல் கொந்தளிப்பு, படகு இறங்கவில்லை. முதன்முறையாகத் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"இது இன்னா மீனு மாப்ளே?"

"டாக்டர் மீன் மாமா."

"டாக்டரா? வாயி கீழ கெடக்குதே!"

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். நெத்திலி மாதிரி, சுறா மாதிரி, மூக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்க, வாய் அதற்கு அடியில் இருந்தது.

"ஒருத்தன் மேல ஒட்டினதைக் கொத்தித் துன்றவனுக்கு வாயி மூக்கு நுனியில இல்ல இருக்கணும்? நீங்க சட்டையைப் பார்த்து வாங்கியிருக்கீங்க. ராத்திரி எங்க படுக்குது?"

"அந்த பைப்புக்குள்ள. வாலை முதல்ல விட்டு, ரிவர்ஸ்ல போகும்."

"வேற ஆளு இது" என்று எழுந்துவிட்டார்.

மத்தியானம் ஆபீஸில் ஃபைலை மூடிவிட்டுத் தேடினேன். அசல் டாக்டர், ராஸ் குடும்பம்: லேப்ராய்டஸ் டிமிடியேட்டஸ். வாய் முன்னால் நேராக இருக்கும். ராத்திரி தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு கூடு கட்டிக்கொண்டு தூங்கும். நம்ம ஆள் பிளென்னி குடும்பம்: ஆஸ்பிடோண்டஸ் டீனியேட்டஸ். கீழ்த்தாடையில் வளைந்த கோரைப்பல். அதே கோடு, அதே டான்ஸ். நோயாளி நம்பி நிற்கும்போது துடுப்பில் ஒரு கடி! ஐபில்-ஐபெஸ்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியர் 1950-களிலேயே இந்த ஆள்மாறாட்டத்தை எழுதியிருக்கிறார். பெரிதானால் புழு, மற்ற மீன்களின் முட்டை என்று பிழைத்துக்கொள்ளுமாம். துடுப்பைக் கடிப்பதெல்லாம் பெரும்பாலும் சின்னதுகள்தான். எனக்கு வாய்த்ததும் சின்னது.

இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளைப் புள்ளிக் கிருமி மீனின் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அசல் டாக்டர் வந்திருந்தாலும் அதைக் கொத்தி எடுத்திருக்க முடியாது. மருந்துக்கே போயிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போலியைப் பையில் பிடித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். "நானும் வர்றேன்" என்று லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டார் மாமா.

கடைத் தொட்டியில் அதே மாதிரி இன்னும் நாலு இருந்தன. மாமா கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்தார். "அதோ அது உங்க டாக்டரு. அதுவும். அதுவும். அந்த மூலையில நிக்கிறது மட்டும் இதோட பங்காளி."

கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நல்ல மனுஷர், தகராறு பண்ணவில்லை. "லாட்டாத்தான் வருது சார். நாங்களும் கோடு பார்த்துத்தான் பிரிக்கிறோம்" என்றவர், வலையை எடுத்து, "அசலையே பிடிச்சுத் தர்றேன், காசு வேணாம்" என்றார்.

"வேணாம்பா" என்றார் மாமா. "வூட்டுல இருக்கிறதே ரெண்டு நோயாளி. இந்த டாக்டரு எப்படிப் பொழைப்பாரு?"

நான் மனசுக்குள் 1,200-ஐ இரண்டால் வகுத்துப் பார்த்தேன். கடலிலிருந்து பிடித்து வருகிற டாக்டர்கள் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியில்தான் சாகின்றன என்று படித்தது ஞாபகம் வந்தது.

கடைக்காரர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். குரலில் திடீரென்று ஒரு மரியாதை.

"சார் மரைன் பயாலஜிங்களா? எந்த காலேஜு?"

"கனகசெட்டிக்குளம்" என்றார் மாமா.