கைகளை உதறும் பிள்ளை

சில பிள்ளைகள் ஓயாமல் கைகளை உதறுவார்கள்; முன்னும் பின்னும் ஆடுவார்கள்; ஒரே ஓசையை முனகுவார்கள். "நாவூறு பட்டிட்டுது" என்று அயலவர் சொல்ல, தாய் வெட்கத்தோடு அந்தக் கைகளைப் பிடித்து அமர்த்துகிறாள். கை அடங்குகிறது, பிள்ளையின் பதற்றமோ கூடுகிறது.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது பொதுவாகக் காணப்படுவது. 1943 இல் மருத்துவர் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே இத்தகைய செயல்களைக் குறிப்பிட்டார். இது சாபமுமல்ல, வளர்ப்பின் குறையுமல்ல. இவர்களுள் பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் நம்மைவிடக் கூடுதலாக உறைக்கும். சிலருக்குக் குறைவாகவே எட்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது அவர்களை ஆறுதற்படுத்துகிறது. பயத்திலும் கை உதறும், மகிழ்ச்சியிலும் உதறும். 2019 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், ஓட்டிசம் உள்ள பெரியவர்களே இது தமக்கு உதவுகிறது என்றும், இதை நிறுத்த முயலும் சிகிச்சைகள் வேண்டாம் என்றும் கூறினார்கள்.

ஆகவே தீங்கில்லாத அசைவைத் தடுக்காதீர்கள். அதற்கு முன் என்ன நடந்தது என்று கவனியுங்கள். நீரிறைக்கும் இயந்திரத்தின் இரைச்சலா? தகரக் கூரையில் மழையா? வீடு நிறைய ஆட்களா? ஒரே அறைதான் என்றாலும், ஒரு மூலையைப் பழைய சேலையால் மறைத்து, பிள்ளை அமைதியாக இருக்க இடம் கொடுக்கலாம்.

தலையைச் சுவரில் மோதினால், கையைக் கடித்தால் காயப்படாமல் காக்க வேண்டும். தலையணையை இடையில் வையுங்கள். அடிக்க வேண்டாம். சொல்லத் தெரியாத பல்வலியோ காதுவலியோ காரணமாயிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேச்சு வராத பிள்ளை தன் நிலையை அந்தக் கைகளால் நமக்குச் சொல்கிறது. பிடித்து நிறுத்துமுன் கவனிப்போம்.