குதிரை லாயத்தில் ஒளியும் நோய்

வண்டிக் குதிரையின் மூக்கில் சளி வடிந்தால் சாதாரணச் சளிதானே என்று நாம் விட்டுவிடலாம். அது கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயாகவும் இருக்கலாம். குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றைத் தாக்கும் இந்நோய் மனிதரையும் தொற்றும்.

இதன் கிருமியை 1882இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஷூட்ஸ் என்ற இருவர் கண்டறிந்தனர். ஆனால் கிருமியைச் சுமக்கும் குதிரை பல மாதம் நன்றாகவே காணப்படலாம். அது வாய் வைத்த தண்ணீர்த் தொட்டியில் மற்றவையும் குடித்தால் நோய் பரவும்.

ஆகவே மல்லீன் என்னும் கிருமிச் சாற்றைக் குதிரையின் கீழ் இமையில் ஊசி வழியாகச் செலுத்திப் பார்ப்பார்கள். இரண்டு நாளில் இமை வீங்கிச் சீழ் வடிந்தால் நோய் உண்டு. இக்காலத்தில் இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். ஒன்றுக்கு நோய் கண்டால், அதனோடு லாயத்தில் நின்ற அத்தனையையும் தேடிச் சோதிக்கிறார்கள். இவ்வாறு தேடிப் பிடித்தே பிரிட்டன் 1928இல் நோயை ஒழித்தது.

இந்தியாவில் அது இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. தடுப்பூசி கிடையாது, நோயுற்ற விலங்கைக் கொல்ல வேண்டும். செங்கற்சூளையில் கோவேறு கழுதையை நம்பிப் பிழைப்பவர் நோயை மறைக்கத்தானே நினைப்பார்? அதற்காகவே அங்கே அரசு இழப்பீடு தருகிறது. ஏழையின் பிழைப்புக்கு வழி செய்தால்தான் நோய் ஒளிந்திருக்கும் இடமும் நமக்குத் தெரியவரும்.