உருமி கேட்ட காதுக்கு இந்த உறுமல் புதுசா?

சிங்கப்பூருக்குப் போகிறோம் என்றால் நம் தோட்டத்து மக்களுக்குப் பழகிய பாதை ஒன்றுதான். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் நேரே தேக்கா. சிராங்கூன் சாலையில் ஒரு நடை, வீரமாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, வாழையிலைச் சாப்பாடு, பெண்டு பிள்ளைகளுக்குத் துணிமணி, அப்புறம் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே தேக்காவிலிருந்து ரயில் ஏறினால் சீக்கிரமே போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தில், டிக்கெட்டுக் காசே இல்லாமல், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கிட்டாரும் டிரம்முமாக மேடையேறிச் சொந்தப் பாட்டுப் பாடுகிறார்களே, அதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

"கிட்டாரா? அந்தத் தலைமுடி வளர்த்த கூட்டமா? நமக்கு எதுக்குய்யா அதெல்லாம்!" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இத்தனை பீடிகை.

டுரியான் கூரையின் கீழே

மெரினா குடாவின் கரையில், முள்ளு முள்ளாக டுரியான் பழத்தைப் பிளந்து கவிழ்த்த மாதிரி இரண்டு கூரைகள் தெரியும். அதுதான் எஸ்பிளனேட் கலையரங்கம். 2002 அக்டோபரில் திறக்கப்பட்டது. உள்ளே காசு கொடுத்துப் பார்க்கும் பெரிய அரங்குகள் உண்டு. வெளியே கடற்காற்றோடு ஒரு திறந்தவெளி மேடையும் உண்டு. அங்கே இலவச நிகழ்ச்சிகள் அடிக்கடி நடக்கும்.

அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ராக் இசை விழாவின் பெயர் 'பேபீட்ஸ்'. வெளிநாட்டுக் குழுக்களும் வரும். ஆனால் முதல் மரியாதை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான். புதிதாக முளைத்த குழுக்களைக் கூப்பிட்டுத் தேர்வு வைப்பார்கள். தேறியவர்களுக்கு அனுபவம் உள்ள மூத்த கலைஞர்களை வைத்துப் பயிற்சி கொடுத்து, பிறகு விழா மேடையில் ஏற்றுவார்கள். புது ஆளை ஒரு பழைய கையோடு நிரையில் விட்டுப் பால்வெட்டு பழக்குவோமே, அதே வழிதான்.

அதே அரங்கில் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் 'கலா உற்சவம்' என்ற இந்தியக் கலைவிழாவும் நடக்கிறது. பரதமும் கர்நாடக சங்கீதமும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது. இன்றைக்கு நாம் பேச வந்தது கிட்டார்க்காரப் பிள்ளைகளைப் பற்றி.

இது நேற்று வந்த கூத்தல்ல

சிங்கப்பூரில் கிட்டார்க் குழுக்களுக்கு அறுபது வருஷத்துக்கு மேலான சரித்திரம் உண்டு. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்ட், 'ஷேடோஸ்' குழுவோடு வந்து ஹேப்பி வோர்ல்டு அரங்கத்தில் பாடினார். அதைக் கேட்ட பையன்களுக்கு வந்த காய்ச்சல் லேசில் இறங்கவில்லை. குவீன்ஸ்டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்த 'குவெஸ்ட்ஸ்' என்ற குழு, 1964ல் 'ஷாண்டி' என்ற தங்கள் சொந்த மெட்டால் உள்ளூர்ப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. உலகமே பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்துக் கிடந்த நேரம் அது! ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவர்களையே ஓரம் தள்ளினார்கள்.

அந்தக் காலத்தில் 'சைக்ளோன்ஸ்' என்ற பெயரில் சிவா சோய், ஜேம்ஸ் சோய் என்ற சகோதரர்கள் பாடி வந்தார்கள். பின்னாளில் இந்த சிவாதான், சிங்கப்பூர் சனங்கள் பேசும் கலப்பட இங்கிலீஷை வைத்தே 'வை யூ ஸோ லைக் தட்' என்று 1991ல் பாடி ஊரையே சிரிக்க வைத்தவர். 2018ல் காலமானார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் என்ன? பினாங்கிலிருந்து டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற நம் தமிழ்ச் சகோதரர்கள் 'அலிகேட்ஸ்' குழுவைக் கட்டி, மலாய்ப் பாட்டில் கொடி நாட்டியது நமக்குத் தெரியாததா? லோகா 2007ல் மறைந்தபோது மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமில்லாமல் கண்ணீர் விட்டார்கள்.

ஆனால் 1970களில் சிங்கப்பூரில் கிட்டார்க்காரர்களுக்குக் கெட்ட காலம் வந்தது. நீண்ட முடி வைத்த ஆண்களை அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று படம் போட்டு அறிவிப்பு மாட்டினார்கள். 1972ல் 'லெட் செப்பலின்' என்ற உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்துக் குழு, முடியின் காரணமாகவே அங்கே பாட முடியாமல் போயிற்று. ராக் என்றால் கஞ்சா, ராக் என்றால் ரவுடித்தனம் என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது. நம் வீடுகளில் இன்றும் அந்த வேர் அறவில்லை.

மந்திரம் சொல்லும் கிட்டார்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1992ல் சிங்கப்பூரில் சில இந்திய இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'ருத்ரா'. ராக் இசையிலேயே மிகக் காட்டமான வகையான 'மெட்டல்' அவர்களுடையது. கிட்டார் ஒலியைக் கரகரவென்று முறுக்கி விடுவார்கள். டிரம் அடிப்பவர் இரண்டு காலாலும் இரண்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து, இடி உருளுகிற மாதிரி அடிப்பார். பாடுகிறவர் அடித்தொண்டையிலிருந்து உறுமுவார்.

அதே 1992ல் ஐரோப்பாவில் நார்வே தேசத்தில் என்ன நடந்தது தெரியுமா? இதே மெட்டல் இசையைக் கையில் எடுத்த சில இளைஞர்கள் மதத்தின் மீது வெறுப்பு கொண்டு, பழமையான மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். பெர்கன் நகரத்தருகே ஃபான்டாஃப்ட் தேவாலயம் அந்த வருஷம் ஜூனில் எரிந்து சாம்பலானது. மெட்டல் என்றால் சாமிக்கு விரோதம் என்று உலகமே நினைத்த காலம்.

நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் நேர் எதிர்த் திசையில் நடந்தார்கள். அதே இரைச்சலுக்குள் உபநிடதத்தையும் சமஸ்கிருத மந்திரத்தையும் கொண்டுபோய் வைத்தார்கள். 'வேதிக் மெட்டல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1998ல் முதல் இசைத்தட்டு. 2003ல் 'குருக்ஷேத்ரா'. 2005, 2009, 2011 ஆகிய வருஷங்களில் 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் மூன்று பாகங்கள். 1998 தொடங்கி 2016 வரை மட்டும் எட்டு இசைத்தட்டுகள்! குழுவின் பாடகரும் பேஸ் கிட்டார்க்காரருமான கதிரேசன் வேதாந்தம் படித்தவர், அதைப் பிறருக்குச் சொல்லியும் கொடுப்பவர். இந்தக் குழுவைப் பற்றி சிங்கப்பூர் தேசிய கல்விக் கழகத்தின் யூஜின் டைரியநாதன் என்ற அறிஞர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

ஆனால் இவர்கள் நிலைமையைப் பாருங்கள். மெட்டல் ரசிகர்களுக்குச் சமஸ்கிருதம் புரியாது. கோவிலுக்குப் போகும் நம்மவர்களுக்கோ மெட்டல் பிடிக்காது. "சாமி மந்திரத்தை இப்படியாப்பா போட்டுக் கத்துறது?" என்று கேட்பார்கள். இரண்டு கரைக்கும் நடுவே நின்று இத்தனை வருஷம் ஒரு குழு தாக்குப்பிடித்தது என்றால் அது லேசான காரியமா?

உருமியும் உறுமலும்

சாமியைக் கத்திக் கூப்பிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். நம் தோட்டத்து முனியாண்டி கோவில் திருவிழாவில் நடுச்சாமத்தில் உடுக்கை அடித்து, தொண்டை கிழிய வர்ணித்து, சாமியை வரவழைப்பது யார்? மெல்லிசு பாடியா வரவழைக்கிறோம்? உருமி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துத் தோலில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்கத் தேய்க்க அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அந்த உறுமலால்தானே அதற்கு உருமி என்றே பெயர்! மெட்டல் பாடகன் தொண்டையால் செய்வதை நம் உருமிக்காரன் குச்சியால் செய்கிறான். பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் உருமி முழங்கும்போது சிலிர்க்காத உடம்பு உண்டா? அந்தக் காதுக்கு இந்த உறுமல் அந்நியமாகப் படக் காரணமே இல்லை.

சிங்கப்பூரில் இந்த உருமிக்கும் ஒரு கதை உண்டு. பெருமாள் கோவிலிலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரை போகும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக் கருவி வாசிக்கக் கூடாது என்று 1973ல் தடை வந்தது. போட்டிக் குழுக்களுக்குள்ளே அடிதடி நடந்ததுதான் காரணம் என்றது அரசாங்கம். நாற்பது வருஷத்துக்கு மேல் காவடிகள் மேளமில்லாமல் நடந்தன. சமூகத்தார் பேசிப் பேசிக் கேட்டதன் பலனாக, 2016ல் பாதையில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பிறகு படிப்படியாகத் தளர்வு வந்தது.

இதிலிருந்து நமக்கு ஒன்று தெரிகிறது. எந்த மேளமும் தானாக நிலைப்பதில்லை. கேட்கிற சனம் அதற்கு வேண்டும். நாலு பேருக்குள் அடித்துக்கொண்டால் அதுவும் போய்விடும். உருமிக்கு இது எவ்வளவு உண்மையோ, கிட்டாருக்கும் அவ்வளவு உண்மை.

ஆள் நின்றால்தான் குழு நிற்கும்

சிங்கப்பூரில் ஒரு பையன் பதினைந்து வயதில் சிநேகிதர்களோடு குழு ஆரம்பிக்கிறான் என்று வையுங்கள். பதினெட்டு, பத்தொன்பது ஆனதும் தேசிய சேவைக்குப் போயாக வேண்டும். ஒருத்தன் முதலில் போவான், அடுத்தவன் பிறகு போவான். எல்லோரும் திரும்பி வருவதற்குள் குழு சிதறிப்போகும். அதையும் தாண்டினால் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். ராக் வாசித்துக் குடும்பம் நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பகலில் ஒரு உத்தியோகம், ராத்திரியில் வாடகை அறையில் ஒத்திகை என்றுதான் பிழைப்பு ஓடும்.

இடமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990ல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 'சப்ஸ்டேஷன்' என்ற கலைக்கூடத்தைத் திறந்தார். பேர் தெரியாத எத்தனையோ ராக் குழுக்களுக்கு முதல் மேடை அதுதான். 2021ல் சப்ஸ்டேஷன் அந்தக் கட்டடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. அதனால்தான் பேபீட்ஸ் போன்ற இலவச விழாக்களுக்கு மதிப்பு கூடிவிட்டது. தேர்வு வைப்பவர்களும் மேடை கொடுப்பவர்களும் பார்ப்பது ஒன்றைத்தான்: எத்தனை பேர் வந்து நின்று கேட்கிறார்கள்? கைபேசியில் ஆயிரம் தடவை கேட்டாலும், நேரில் வந்து நிற்கும் பத்துப் பேருக்கு அது ஈடாகாது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். தோட்டத்தில் இருந்தாலும், தோட்டம் கைமாறித் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டாலும், எங்கோ ஒரு கார் கொட்டகையில் நம் பையன்கள் உருமியோ கிட்டாரோ தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "சும்மா கெடடா, தலை வலிக்குது" என்று ஒரு தகப்பன் சொல்லிவிட்டால், பையன் வாத்தியத்தை வைத்துவிட்டு வேறு சகவாசம் தேடிப் போகிறான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒத்திகை பார்க்கிற பையன் சாயந்திரம் எங்கே இருக்கிறான் என்பதாவது நமக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தட்டாதே, படிப்பை விடாதே என்று இரண்டு நிபந்தனை போடுங்கள். போதும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போகிறவர்கள், எஸ்பிளனேட்டில் அந்தத் தேதியில் என்ன நிகழ்ச்சி என்று முன்கூட்டியே பிள்ளைகளை விட்டுக் கைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள். பேபீட்ஸ் நடக்கும் மாதம் வருஷத்துக்கு வருஷம் மாறும். தேக்காவில் 'லிட்டில் இந்தியா' நிலையத்தில் டவுன்டவுன் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் புரொமனாட். அங்கே வட்டப்பாதை ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே எஸ்பிளனேட். கைக்குழந்தை உள்ளவர்கள் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். பிஞ்சுக் காது தாங்காது. பெரியவர்களும் காதில் காதடைப்பான் வைத்துக்கொள்வது நல்லது. அதில் வெட்கமில்லை.

முதல் பாட்டு இரைச்சலாகத்தான் இருக்கும். இரண்டாவது பாட்டில் டிரம்மின் கணக்கு பிடிபடும். தப்பும் உருமியும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாளக்கணக்கை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மூன்றாவது பாட்டும் பிடிக்கவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். பிடித்திருந்தால், பாட்டு முடிந்ததும் நன்றாகச் சத்தமாகவே கைதட்டுங்கள் ஐயா. மேடையில் நிற்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தந்தான் கூலி.