ஆராய்ச்சிப் பத்திரிகைகளும் நாணயமும்

ஸி. வி. ராமன் 1926-ம் வருஷத்தில் கல்கத்தாவில் "இந்தியன் ஜர்னல் ஆப் பிஸிக்ஸ்" என்னும் பௌதிக சாஸ்திரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1928-ல் தாம் கண்டறிந்த புதிய ஒளியைப் பற்றிய விரிவான கட்டுரையை அந்தப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். அன்று நம் நாடு அந்நிய ஆட்சியில் இருந்தது. ஆயினும் இந்தியாவில் அச்சானது என்பதற்காக அக்கட்டுரையை உலகம் ஒதுக்கிவிடவில்லை. 1930-ல் நோபெல் பரிசு ராமனை வந்தடைந்தது. அடிமை நாட்டில் அச்சான பத்திரிகைக்கு அத்தகைய யோக்யதை இருந்தது.

சுதந்திர நாட்டின் நிலைமை எவ்வாறிருக்கிறது? 2013-ம் வருஷத்தில் அமெரிக்காவின் "ஸயன்ஸ்" பத்திரிகைக்காக ஜான் போஹானன் என்ற நிருபர் ஒரு பரீட்சை நடத்தினார். கற்பாசியில் கிடைக்கும் ஒரு பொருள் புற்றுநோயை அடக்கும் என்று ஒரு போலிக் கட்டுரை எழுதி, இல்லாத ஆசிரியர்களின் பெயராலும் இல்லாத கலாசாலைகளின் பெயராலும், எழுதியவரிடமே கட்டணம் வாங்கும் 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். பள்ளிக்கூட ரஸாயனத்திற்குச் சற்று மேல் படித்தவரும் கண்டுபிடிக்கக் கூடிய பிழைகளை வேண்டுமென்றே அதில் வைத்திருந்தார். 157 பத்திரிகைகள் அதை ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. அவற்றுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நம் தேசத்தைச் சார்ந்தவை. அவற்றில் 64 ஏற்றுக்கொண்டன. மறுத்தவை 15 மாத்திரமே. இதைப் படிக்கும் எந்தத் தேசபக்தனும் தலை குனியாமலிருக்க முடியுமா?

ஆராய்ச்சிப் பத்திரிகையின் தர்மம் என்ன? வந்த கட்டுரையை அத்துறையில் வல்லவர் இருவர் மூவருக்கு அனுப்பிப் பரிசீலிக்கச் செய்தல். அவர்கள் சொல்லும் குறைகளை மறைக்காதிருத்தல். பணம் கொடுத்தவர் ஆராய்ச்சியின் முடிவை வளைத்தாரா என்று கேட்டல். பிழை வெளிப்பட்டால் தயங்காமல் பகிரங்கமாக வாபஸ் பெறுதல். இவற்றைச் செய்யாதது வெறும் அச்சுக்கூடமேயன்றிப் பத்திரிகை ஆகாது.

ஹைதராபாத்தைச் சேர்ந்த "ஓமிக்ஸ்" என்னும் பிரசுர ஸ்தாபனத்தின் மீது அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் 2016-ல் வழக்குத் தொடுத்தது. பரிசீலனை நடப்பதாகப் பொய் சொன்னார்கள். ஆசிரியர் குழுவில் இருக்கச் சம்மதிக்காத அறிஞர்களின் பெயர்களைப் போட்டுக்கொண்டார்கள். கட்டணம் இவ்வளவு என்பதைக் கட்டுரையை ஏற்ற பிறகே தெரிவித்தார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். 2019-ல் அமெரிக்கக் கோர்ட்டு இவற்றை உறுதி செய்து, 5 கோடி டாலருக்கு மேல் கட்டும்படி தீர்ப்பளித்தது. நம் மண்ணில் நடந்த வாணிபத்திற்கு அந்நிய நாட்டுக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது!

வாணிபம் செய்வோரை மட்டும் வைது பயனில்லை. அவர்களுக்கு வாடிக்கைக்காரர்களைச் சேர்த்துக் கொடுத்தது எது? 2009-ம் வருஷத்து விதிகளின்படி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பிக்குமுன் மாணவர் ஒரு கட்டுரையாவது பிரசுரித்திருக்க வேண்டும் என்று சர்வகலாசாலை மானியக் கமிஷன் கட்டாயப்படுத்தியது. 2010-ல் உபாத்தியாயர்களின் நியமனத்திற்கும் உத்தியோக உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணி மார்க்குப் போடும் முறையைக் கொண்டுவந்தது. படிப்பவர் இல்லை, எண்ணுபவர் மட்டும் உண்டு என்ற நிலை ஏற்பட்டால், எண்ணிக்கையை விற்கக் கடை திறப்பவரும் தோன்றத்தானே செய்வர்? உபகாரச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஏழை மாணவனும் அந்தக் கடை வாயிலில் நிற்க நேர்ந்தது. நேர்மையுடன் பல வருஷம் உழைத்து ஒரே கட்டுரை எழுதியவன், விலைக்கு வாங்கிய பத்தைக் காட்டியவனுக்குப் பின்னே தள்ளப்பட்டான்.

கமிஷன் பரிகாரம் தேடாமலில்லை. அது 2017-ல் அங்கீகாரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 2018 மே மாதத்தில் அப்பட்டியலிலிருந்தே 4,305 பத்திரிகைகளை நீக்க வேண்டி வந்தது. பிறகு "கேர்" என்ற புதிய பட்டியல் வந்தது. 2025-ல் அதுவும் கைவிடப்பட்டது. டாக்டர் பட்டத்துக்குரிய கட்டாயப் பிரசுர விதி 2022-ல் எடுக்கப்பட்டது. இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பட்டியல் மாற்றுவது நோயைத் தீர்க்காது. பட்டியலைப் பார்ப்பது எளிது, கட்டுரையைப் படிப்பது கடினம் என்ற சோம்பலே நோயின் மூலம்.

மேல்நாட்டுப் பத்திரிகைகள் மாத்திரம் யோக்யமா என்று சிலர் வாதாடலாம். அவையும் குற்றமற்றவை அல்ல. தடுப்பு ஊசிக்கும் "ஆட்டிஸம்" என்னும் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டு போலத் தோன்றச் செய்த ஆண்ட்ரூ வேக்பீல்டு கூட்டத்தாரின் கட்டுரை, 12 குழந்தைகளை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு, 1998-ல் லண்டன் "லான்ஸெட்" பத்திரிகையில் வந்தது. அதை முழுவதும் வாபஸ் வாங்க 2010 வரை சென்றது. அதற்குள் பிரிட்டனில் ஏராளமான பெற்றோர் பயந்து ஊசியை மறுத்தனர். தட்டம்மை மீண்டும் பரவிற்று. கட்டுரையில் நுழைந்த பொய் ஆராய்ச்சிசாலையோடு நிற்பதில்லை, குழந்தையின் படுக்கை வரை வரும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஆனால் அயலானின் குற்றம் நமக்குச் சமாதானமாகாது, எச்சரிக்கையே ஆகும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? உத்தியோகத்திற்கு வருபவரிடம் எத்தனை கட்டுரை என்று கேட்பதை விடுத்து, அவரது சிறந்த கட்டுரைகள் இரண்டு மூன்றைத் தேர்வுக் கமிட்டியார் தாமே படித்து விவாதிக்க வேண்டும். தம் ஆசிரியர் விலைக்குப் பிரசுரம் வாங்கியது தெரிந்தால் சர்வகலாசாலை அதை மூடி மறைக்காமல் விசாரித்து, முடிவை வெளியிட வேண்டும். நேர்மையான உள்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் பணமும் ஆதரவும் கொடுத்து வளர்க்க வேண்டும். நம் அறிஞர்கள் தங்கள் சிறந்த ஆராய்ச்சியை அவற்றுக்கு அனுப்ப முன்வர வேண்டும்.

இவை ஜனங்களின் வரிப்பணத்தால் நடக்கும் காரியங்கள். ஆகையால் கேட்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டு. தத்தம் ஜில்லாவிலுள்ள கலாசாலைகளின் நிர்வாகிகளிடம், "நீங்கள் எண்ணுகிறீர்களா, படிக்கிறீர்களா?" என்று பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இன்றே கேட்கத் தொடங்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தக்க விடை கிடைக்கும் வரையில் ஓயலாகாது.