ஒரு நாள் உலாவுக்கு ஒரு சிறு பை

நோர்வேயிற் கல்வி பயிலும் எமது பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் பாடசாலைக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் சொல் ஒன்று உண்டு. அது ‘தூர்’ என்பதாகும். சிற்றுலா என்று அதனைத் தமிழிற் கூறலாம். வகுப்பு முழுவதும் காட்டுக்குச் செல்லும். ஆதலால் இன்னின்ன பொருள்களுடன் பிள்ளையை அனுப்புக என்று ஆசிரியர் எழுதியிருப்பார். அதனை வாசிக்கும் பெற்றோர் சிலர் கடைக்கு விரைந்து விலையுயர்ந்த பையொன்றை வாங்குவர். வேறு சிலர் புத்தகப் பைக்குள் ஒரு சோற்றுப் பெட்டியை வைத்து அனுப்பிவிடுவர். இவ்விரண்டுமே வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே நல்லதொரு பையை ஒரு மாலைப் பொழுதில் ஆயத்தம் செய்யலாம்.

அதற்கு முன்னர் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். நடக்கும் பிள்ளைக்குப் பை தேவையில்லை. பை தேவைப்படுவது நிற்கும் பிள்ளைக்கே. நடக்கும்பொழுது தசைகள் இயங்குவதால் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கும். கால் சுளுக்கியோ வழி தவறியோ ஒரு மணி நேரம் ஓரிடத்தில் இருக்க நேர்ந்தால் அவ்வெப்பம் குறைந்துவிடும்; குளிரோ குறையாது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பை கட்டப்படுகின்றது. எதனை வைப்பது, எதனை விடுவது என்னும் ஐயம் எழும்போதெல்லாம் இதனை அளவுகோலாகக் கொள்க.

இந்நாட்டார் இதனைப் பெருவிலை கொடுத்தே கற்றனர். 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக் காலத்தில் 18 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் நோர்வே செஞ்சிலுவைச் சங்கமும் மலைச் சுற்றுலாச் சங்கமும் மலை நடத்தை விதிகளை நாடெங்கும் பரப்பின. 2016இல் அவை புதுக்கி எழுதப்பட்டன. ஒன்பது விதிகளுள் ஐந்தாவது, உனக்கும் பிறருக்கும் உதவத்தக்க பொருள்களை உடன்கொண்டு செல் என்பதாகும். நான்காவது விதியோ, குறுகிய உலாவாயினும் கடும் வானிலையையும் குளிரையும் எதிர்பார்த்திரு என்கின்றது.

குறுகிய உலாவிலுமா என்று கேட்கலாம். ஒஸ்லோ நகரின் நிலக்கீழ் இரயிலில் ஏறி ஃப்ரொங்னர்சேத்தெரனில் இறங்கினால், கடல் மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கு மேல் உயரத்தில் நிற்போம். பொதுவாக ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் குறையும். துறைமுகத்தில் மழை பெய்யும்பொழுது அங்கே பனி பெய்யக்கூடும். மார்கழி மாதப் பிற்பகுதியில் ஒஸ்லோவிற் பிற்பகல் ஏறத்தாழ மூன்றேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மதிய உணவின் பின் ஆறுதலாகப் புறப்படும் எமது வழக்கம் அங்கே பொருந்தாது.

இனிப் பைக்கு வருவோம். பழைய பாடசாலைப் பையே போதும். சிறுவருக்கு 15 லீற்றர் கொள்ளக்கூடியதாயின் மிகச் சரி. அதன் எடை, பிள்ளையின் எடையிற் பத்திலொரு பங்கை விஞ்சாதிருத்தல் நன்று. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. பையின் துணி மழையைத் தாங்காது என்று கவலைப்படல் வேண்டா. தடித்த குப்பைப் பை ஒன்றை உள்ளே விரித்து, பொருள்களை அதனுள் வைத்து, வாயை முறுக்கி மடித்துவிட்டால் ஒரு துளி நீரும் புகாது.

சிறு பொருள்களுக்குச் சுருக்குப் பைகள் தைத்துக்கொள்ளுங்கள். எமது பாட்டிமார் வெற்றிலையும் சில்லறையும் இட்டு இடுப்பிற் செருகியிருந்த அதே பைதான். கம்பி முறிந்த குடையின் துணி இதற்கு மிகவும் உகந்தது. நீரை எளிதில் ஏற்காது, எடையும் இல்லை. ஒரு குடையில் மூன்று நான்கு பைகள் தைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு நிறக் கயிறு கோத்துவிட்டால், விறைத்த விரல்களும் அரை இருளும் சேர்ந்த வேளையிலும் வேண்டியது கைக்கு வரும். தையலைப் பிள்ளைகளே செய்யட்டும். தானே தைத்த பையில் என்ன இருக்கின்றது என்பதைப் பிள்ளை மறப்பதில்லை.

உள்ளே வைப்பனவற்றுள் முதலிடம் உலர்ந்த உடைக்கே உரியது. இங்குதான் எம்மவர் பெரிதும் கவனிக்க வேண்டும். வெப்ப நாட்டில் எமக்கு உற்ற தோழனாக இருந்த பருத்தி இங்கே பகையாக மாறிவிடுகின்றது. அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த பருத்திச் சட்டை அணிந்த பிள்ளை நனைந்த குளிர்த் துணியாற் சுற்றப்பட்டதற்கு ஒப்பாகும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். ஆதலால் ஒரு கம்பளி உள்ளாடை, ஒரு சோடி கம்பளிக் காலுறை, கையுறை, தொப்பி ஆகியவற்றை ஒரு சுருக்குப் பையில் வைத்து, அதனைப் பிறிதொன்றுக்கும் பயன்படுத்தாது காத்துக்கொள்க. விரல்கள் தனித்தனியே பிரிந்த கையுறையிலும், நான்கு விரல்களும் ஒன்றாயிருக்கும் கையுறையே சூடு தரும்.

அடுத்தது இருக்கைத் தட்டு. நோர்வேயர் இதில்லாமல் உலாச் செல்வதை நான் கண்டதில்லை. பழைய நுரைப் பாய் ஒன்றிலிருந்து 30 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள துண்டை வெட்டி, முதுகுப் பக்கமாகச் செருகிவிடுங்கள். ஈரக் கல்லில் அமர்வதாற் போகும் வெப்பத்தை அது தடுக்கும். சுமக்கும்பொழுது தெர்மஸ் முதுகில் உறுத்தாமலும் காக்கும். தெர்மஸுக்குள் முதலிற் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பின்னர் இனிப்பான தேநீரையோ கொக்கோவையோ நிரப்பினால் நெடுநேரம் சூடு நிற்கும்.

உணவைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: கையுறையைக் கழற்றாமல் உண்ணத்தக்கதாக இருக்கட்டும். பிட்டும் கறியும் வீட்டில் அமிர்தம். மலைக்காற்றிலோ தேங்காய்ப்பூ இறுகி, கறியின் எண்ணெய் உறைந்துவிடும். கறியை உள்ளே வைத்துச் சுருட்டிய ரொட்டி, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை என்பன நன்று. வகுப்புடன் செல்வதாயின், கச்சானோ எள்ளோ ஒவ்வாத பிள்ளைகள் உளரா என்று ஆசிரியரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

பெற்றோரின் பையில் மேலும் சில இருத்தல் வேண்டும். நெற்றியிற் கட்டும் மின்விளக்கு, கொப்புளத்துக்கான பிளாஸ்ரர், உண்ணி பிடுங்கும் சிறு இடுக்கி, ஊதல், வரைபடம், திசைகாட்டி என்பன அவை. 1:50 000 அளவுள்ள படத்தில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றரைக் குறிக்கும். இதனைப் பிள்ளைகளைக் கொண்டே அளக்கச் செய்யலாம். கணித பாடமும் ஆயிற்று. ஒஸ்லோவைச் சூழ்ந்த காடுகளில் நீலக் குறி நடைபாதையையும் சிவப்புக் குறி பனிச்சறுக்குப் பாதையையும் காட்டும். கைத்தொலைபேசியை மாத்திரம் நம்பிச் செல்லற்க. குளிரில் அதன் பற்றரி விரைவிற் சோரும். உட்சட்டைப் பையில் உடலோடு அணைத்து வைத்தால் உயிர்த்திருக்கும். தீப்பெட்டி வேண்டா. சித்திரை 15 முதல் புரட்டாதி 15 வரை காட்டிலும் காட்டை அண்டியும் தீ மூட்டுதல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. (சித்திரை, புரட்டாதி என்று நான் குறிப்பது ஏப்ரல், செப்ரெம்பர் மாதங்களையே.)

பையைக் கட்டினாற் போதாது, உரிய நேரத்தில் அவிழ்க்கவும் வேண்டும். ஓய்வுக்கு நின்றவுடனேயே, குளிர்கின்றது என்று பிள்ளை கூறும்வரை காத்திராமல், மேலங்கியை அணிவிக்க வேண்டும். குளிர்கின்றது என்று முறையிடும் பிள்ளையைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. முறையிட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென மௌனமாகி, நடையில் தடுமாறி, சொற்குழறி, பொத்தானைப் பூட்ட இயலாது நின்றால் உடலின் உட்சூடே குறையத் தொடங்கிவிட்டது என்று அறிக. ஈர உடையை மாற்றி, உலர்ந்ததை அணிவித்து, இருக்கைத் தட்டில் அமர்த்தி, காற்றுப் படாமற் சுற்றி அணைத்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் இனிப்பான சூட்டுப் பானம் கொடுக்க வேண்டும். நடுக்கம் நின்றும் பிள்ளை தெளிவடையாவிடின் தாமதியாது 113 என்னும் இலக்கத்தை அழையுங்கள்.

எம்மிற் பலருக்குக் காடு என்னும் சொல்லே வேறு நினைவுகளை எழுப்புவது. பிள்ளைகளைத் தனியே அனுப்பிவிட்டு யன்னலோரம் காத்திருக்கும் பெற்றோரை நான் அறிவேன். 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டத்தின்படி இந்நாட்டின் பயிரிடப்படாத நிலத்தில் எவரும் நடந்து செல்லலாம். நிலம் எவருக்குரியது என்றோ, நடப்பவர் எந்நாட்டவர் என்றோ கேட்பாரில்லை. எனவே பைகளை இரண்டாகக் கட்டுங்கள். முதல் உலாவுக்குச் சொங்ஸ்வன் ஏரி மிகப் பொருத்தமானது. அதனைச் சுற்றி வரும் பாதை மூன்று கிலோமீற்றருக்குச் சற்றே கூடுதலானது, மேடுபள்ளமும் அதிகமில்லை. புறப்படுமுன் எங்கே செல்கின்றீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, அயலவர் ஒருவரிடமும் சொல்லிச் செல்லுங்கள். திரும்பியதும் ஈரமானவற்றை வெளியே எடுத்து உலர்த்தி, உலர்ந்த காலுறை ஒன்றை அன்றிரவே மீண்டும் சுருக்குப் பைக்குள் இட்டுவிடுங்கள்.