ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணத்தை எப்படி எடுப்பது?

சம்பளம் வாங்குகிறவருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று உண்டு. மளிகைக் கடைக்காரருக்கு அது கிடையாது. முட்டி வலித்தாலும் கல்லாவில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். என்.பி.எஸ். எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009 மே 1 முதல் சுயதொழில் செய்வோருக்கும் திறந்துவிடப்பட்டது. வரிச் சலுகைக்காக ஆடிட்டர் சொல்லி நமது வணிகர்கள் பலர் அதில் சேர்ந்தனர். அவர்களில் பலர் இப்போது 60 வயதை நெருங்குகிறார்கள். இனி எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி.

2025 டிசம்பரில் இதற்கான விதிகள் பெரிதும் மாறிவிட்டன. அதற்கு முன் 60 வயதில் சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை ரொக்கமாக எடுக்கலாம். மீதி 40 சதவீதத்துக்குக் கட்டாயமாக ஆன்யுட்டி வாங்க வேண்டும். ஆன்யுட்டி என்றால் வேறொன்றுமில்லை; ஒரு தொகையை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு ஆயுள் உள்ளவரை மாதா மாதம் பணம் பெறுவது. இப்போது அரசு ஊழியர் அல்லாதவர்கள் 80 சதவீதம் வரை ரொக்கமாக எடுக்கலாம். ஆன்யுட்டிக்கு 20 சதவீதம் போதும். 60 வயது ஆகாவிட்டாலும் சேர்ந்து 15 ஆண்டுகள் முடிந்திருந்தால் இதே முறையில் வெளியேறலாம். மொத்தத் தொகை 8 லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். 8 லட்சத்துக்கு மேல் 12 லட்சம் வரை உள்ளவர்கள் 6 லட்சம் வரை எடுத்துக்கொண்டு, மீதியைக் குறைந்தது 6 ஆண்டுகளுக்குத் தவணையாகப் பெறும் வழியும் உண்டு.

80 சதவீதம் என்றதும் நம்மவர்கள் மனம் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். தீபாவளிக்குச் சரக்கு எடுக்கலாம், பையனுக்கு இன்னொரு கடை வைத்துக் கொடுக்கலாம், மண்டி பாக்கியை அடைக்கலாம் என்றுதான் போகும். சில்லறைக் கடைகளுக்குக் கடனில் சரக்குப் போடும் மொத்த வியாபாரிகளாகிய நாங்களே சொல்கிறோம்: இந்தப் பணத்தைக் கொண்டுவந்து எங்கள் பாக்கியை அடைக்க வேண்டாம். சரக்கு விற்று வரும் பணத்தில் பாக்கி அடைபட வேண்டும். அப்படி அடைபடாத கடையில் இந்தப் பணத்தையும் கொட்டினால் அடுத்த வருடம் பாக்கியும் நிற்கும், முதுமைக்கு வைத்ததும் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கணக்கில் 20 லட்சம் இருக்கிறது. 16 லட்சத்தை எடுத்துவிட்டு 4 லட்சத்துக்கு ஆன்யுட்டி வாங்குகிறார். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,000 ரூபாய் வரும். 8 லட்சத்துக்கு வாங்கினால் 4,000. பொதுவாக இந்தத் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதில்லை. துவரம் பருப்பு விலை பத்து வருடத்தில் எப்படி ஏறும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே முழுப் பணத்தையும் ஆன்யுட்டியில் போடுவதும் சரியல்ல. ரொக்கமாக வரவேண்டிய பங்கை ஒரே நாளில் எடுக்காமல், மாதத்துக்கு இவ்வளவு என்று தவணை முறையில் எடுக்க 2023-லிருந்தே வசதி உண்டு. மீதிப் பணம் கணக்கிலேயே முதலீட்டில் இருக்கும்; அது சந்தையோடு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். கை நிறையப் பணம் இருந்தால் யாராவது கேட்டு வருவார்கள் என்று அஞ்சுவோருக்கு இது நல்ல ஏற்பாடு.

கடை நன்றாக ஓடுகிறது, அவசரம் இல்லை என்றால் 60 வயதில் எடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. புதிய விதிப்படி 85 வயது வரை கணக்கைத் தொடரலாம்.

15 ஆண்டுகளும் முடியாமல், 60 வயதும் ஆகாமல் வெளியேறினால் நிலைமை தலைகீழ். 20 சதவீதம்தான் கைக்கு வரும். 80 சதவீதம் ஆன்யுட்டிக்குப் போகும். 5 லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்கு மட்டும் விலக்கு. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீடு, வைத்தியம் என்று வந்தால் கணக்கை மூட வேண்டாம். தாம் கட்டிய தொகையில் 25 சதவீதம் வரை இடையில் எடுக்க வழி இருக்கிறது.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2025 டிசம்பரில் விதி மாறியபோது வருமான வரிச் சட்டத்தில் 60 சதவீதத்துக்குத்தான் விலக்கு இருந்தது. எனவே அதற்கு மேல் எடுக்குமுன் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். ஆன்யுட்டியாக மாதா மாதம் வருவது வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

அடல் பென்ஷன் யோஜனாவில் சேர்ந்துள்ள சிறு கடைக்காரர்கள் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் 60 வயதில் மொத்தமாக எடுக்க முடியாது. மாதப் பென்ஷன் மட்டுமே. கணவருக்குப் பின் மனைவிக்கு அதே பென்ஷன் தொடரும். இருவருக்கும் பின் வாரிசுதாரருக்குத் தொகை போகும். 5,000 ரூபாய் பென்ஷனுக்கு அது 8.5 லட்சம்.

இன்னொன்று. ஆன்யுட்டி வாங்கும்போது எந்த வகை என்று கேட்பார்கள். தமக்கு மட்டும் என்று எழுதினால் மாதத் தொகை சற்றுக் கூடுதலாக வரும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அவர் காலத்துக்குப் பின் அந்த அம்மாளுக்கு ஒரு பைசா வராது. கணவன் மனைவி இருவர் ஆயுளுக்கும் வந்து, பின்பு போட்ட முதல் பிள்ளைகளுக்குத் திரும்பும் வகையில் மாதத் தொகை குறைவுதான். ஆயினும் கடைக் கணக்கு வழக்கே தெரியாத மனைவியர் நம் வீடுகளில் இன்னும் நிறையப் பேர் இருப்பதால், நாங்கள் அதையே எடுக்கச் சொல்வோம். ஆரம்பத்தில் சில நாட்கள் தவிர பிறகு வகையை மாற்ற முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி தொகை வேறுபடுவதால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் நாமினி இடத்தில் தாயார் பெயரே இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.