கூரையின் கீழ் மூன்று செப்டம்பர்கள்

பெங்களூருவின் ஆஸ்டின் டவுன் என்றதும் விளையாட்டு அன்பர்களின் நினைவுக்கு வருவது கால்பந்து. மாலையில் அங்குள்ள மைதானத்தின் ஓரம் நின்றால், ஆட்டக்காரர்களின் கூச்சல் கன்னடத்திலும் தமிழிலும் கலந்து காதில் விழும். மழை தூறினாலும் பந்து உருளும். ஆனால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பன் பூங்கா டென்னிஸ் அரங்கில் சிறு தூறல் விழுந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். ஈரமான களத்தில் கால் வழுக்கும். நனைந்த பந்து கனத்துப்போகும்.

மழைக்காலத்தில் டென்னிஸ் நடத்த விரும்புவோர் கூரையின் கீழ்தான் செல்ல வேண்டும். அவ்வாறு உள்ளரங்கில் ஆண்டுதோறும் நடைபெற்ற ஒரு தொழில்முறைப் போட்டி நம் நாட்டிலும் இருந்தது. அதன் ஆயுள் மூன்றே ஆண்டுகள். அந்தக் கதையை இந்த இதழில் நினைவுகூர்கிறோம்.

கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்துக்கு அருகே நேதாஜி உள்ளரங்கம் இருக்கிறது. 2005 முதல் 2007 வரை, செப்டம்பர் மாதங்களில், பெண்களுக்கான சன்ஃபீஸ்ட் ஓப்பன் அங்கே நடந்தது. வங்கத்தில் செப்டம்பர் மழை விடைபெறாத மாதம். கூரை அங்கே ஆடம்பரமன்று, தேவை. உள்ளரங்கில் காற்று இல்லை. கண்ணில் விழும் வெயிலும் இல்லை. வேகமாகவும் தாழ்வாகவும் பந்தை அடிப்போருக்கு அது வசதியான களம்.

2005இல், அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு ஓப்பனை வென்றிருந்த ரஷ்யாவின் அனஸ்தாசியா மிஸ்கினா கோப்பையைக் கைப்பற்றினார். 2006இல், ஓய்வுக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பியிருந்த மார்ட்டினா ஹிங்கிஸ் வாகை சூடினார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற சானியா மிர்சா, லீசல் ஹூபருடன் இணைந்து அதே ஆண்டின் இரட்டையர் பட்டத்தை வென்று சொந்த நாட்டு ரசிகர்களை மகிழ்வித்தார். 2007இல் மரியா கிரிலென்கோ வென்றார். அதன் பின்னர் அந்த அரங்கில் சன்ஃபீஸ்ட் ஓப்பன் நடைபெறவில்லை.

பெங்களூருவின் அனுபவமும் ஏறத்தாழ இதுவே. ஐதராபாத்தில் நடந்துவந்த பெண்கள் போட்டி 2006இல் இந்நகருக்கு வந்தது. கப்பன் பூங்காவில் திறந்தவெளியில் நடந்தது. 2008இல் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கியின் பெயரைத் தாங்கியது. அவ்வாண்டு அரையிறுதியில் செரீனா வில்லியம்ஸ் தம் அக்காள் வீனஸை வென்றார். பின்னர் இறுதியில் பாட்டி ஷ்னைடரையும் வென்றார். மறு ஆண்டு அந்தப் போட்டி நடைபெறவில்லை.

ஒரு போட்டி நகரை விட்டுச் செல்வது எவ்வாறு? ஊர்த் திருவிழாவைப் போல அது மண்ணுக்குரியதன்று. சர்வதேச நாட்காட்டியில் ஒரு வாரத்தை நடத்தும் உரிமம் அது. பரிசுத் தொகை, களம், நடுவர்கள், தங்குமிடம் என அனைத்துக்கும், முதல் நுழைவுச்சீட்டு விற்கப்படுவதற்கு முன்பே பொறுப்பேற்க வேண்டும். சீட்டு விற்பனை மட்டும் அந்தச் சுமையைத் தாங்குவது அரிது. ஆகவே, பெயர் தரும் நிறுவனமே போட்டியின் தூணாகிறது. சென்னையின் ஆண்கள் போட்டி முதலில் கோல்டு ஃபிளேக் ஓப்பன், பின்னர் டாடா ஓப்பன், அதன் பின்னர் சென்னை ஓப்பன் என்று பெயர் மாறியதும், 2017க்குப் பின் புனேவுக்குப் போனதும் இந்த உண்மையையே காட்டுகின்றன.

இதனால் இழப்பு ரசிகர்களுக்கு மட்டுமா? சொந்த ஊரில் போட்டி நடக்கும்போது, தரவரிசையில் பின்தங்கிய உள்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு வைல்ட் கார்டு எனும் சிறப்பு அனுமதி கிட்டும். விமானக் கட்டணமின்றி, விசா கவலையின்றி, பெரிய ஆட்டக்காரரை எதிர்கொள்ளலாம். 2008க்குப் பின் சிறிய போட்டிகள் சில நடந்தபோதிலும், முதன்மைச் சுற்றுப் பெண்கள் போட்டி இந்தியாவுக்குத் திரும்ப 14 ஆண்டுகள் ஆயின. 2022இல் அது சென்னை நுங்கம்பாக்கத்துக்கு வந்தபோது, சிறப்பு அனுமதி பெற்ற கர்மான் கவுர் தண்டி முதல் சுற்றில் தரவரிசைப்படுத்தப்பட்ட பிரான்ஸ் வீராங்கனையை வென்றார். அந்த 14 ஆண்டுகளில் வளர்ந்த பெண்களுக்கு இத்தகைய வாய்ப்பு உள்நாட்டில் வாய்க்கவில்லை.

ஆண்கள் தரப்பில் பெங்களூரு ஓப்பன் சேலஞ்சர் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. முதன்மைச் சுற்றுக்கு ஒரு படி கீழான இப்போட்டியில்தான் சுமித் நாகல் 2017இல் தம் முதல் சேலஞ்சர் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் வென்றார்.

சேமிப்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசும் ஒன்று இங்கும் பொருந்தும்: ஒருமுறை செலுத்தும் பெருந்தொகையைவிட, தவறாமல் செலுத்தும் சிறுதொகை நிலைத்த பலன் தரும். புகழ்மிக்க வீராங்கனையர் வந்துபோன மூன்று செப்டம்பர்கள் இனிய நினைவாயின. ஆண்டுதோறும் தவறாது நடக்கும் எளிய போட்டி ஆட்டக்காரர்களை உருவாக்குகிறது. ஆஸ்டின் டவுன் சிறுவர்கள் இதை நன்கு அறிவார்கள். அவர்களுடைய மைதானம் நாளையும் அங்கேயே இருக்கும்.